கேட்டதற்கெல்லாம் சரி

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று இரண்டு ஜாதகம் வந்தது. சுரண்டைப் பெண் ஒன்று, நர்சு படித்தவள். கடையத்துப் பையன் ஒன்று, மின்வாரியத்தில் வேலை. பையன் ஜாதகத்தில் பிறந்த நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். லக்னமும் நேரமும் ஒட்டவில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி சீட்டைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்று வீட்டில் விசாரிக்காமல் எந்த மாப்பிள்ளையையும் ஒரு பெண் வீட்டுப் படியில் நான் ஏற்றியது கிடையாது. இந்தப் பாவூர்சத்திரத்தில் உலகம்மாள் பேசி முடித்த கல்யாணம் நூற்றுப் பதினாலு. ஒன்றுகூடக் கோர்ட்டுக்குப் போகவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பேரன் எடுத்த பிறகு போன் வாங்கி, நானாகவே பழகி, நானூறு குடும்பத்தை அதில் வைத்திருக்கிறேன்.

ஆலங்குளம் செல்லையா வீட்டுப் பத்திரிகை இன்னும் வரவில்லை. மாசிக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தம் பேசியது நான். குலதெய்வத்துக்கு வைத்த கையோடு, பேசி முடித்தவளுக்குத்தான் அடுத்த பத்திரிகை. எங்கள் பக்கத்து முறை அது. நாத்தனார் ஆவுடையம்மாள் இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கேட்டாள். "என்ன மயினி, ஆலங்குளத்துக்காரவ உங்கள மறந்துட்டாவளோ." உளுந்தைக் காயப் போட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. போனில் வந்தது. செல்லையா நம்பர்தான்.

"எங்கள் இல்லத் திருமணத்திற்குக் குடும்பத்துடன் வருக" என்று மேலே இருந்தது. கீழே ஒரு கட்டம். வெற்றிலை பாக்கோடு தட்டில் வரவேண்டியது இப்படி வருகிறது, என்ன செய்ய, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கட்டத்தைத் தொட்டேன். படம் வரவில்லை. தெரியாத இடத்திலிருந்து வந்தது, ஏற்றலாமா என்று போன் கேட்டது. செல்லையா என்ன தெரியாத ஆளா? சரி கொடுத்தேன். மெசேஜைப் படிக்கலாமா என்று கேட்டது. சரி. நம்பர்களைப் பார்க்கலாமா. சரி. வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் கொடுக்காமல் இருப்போமா? ஐந்தாறு தரம் கேட்டது, ஐந்தாறு தரமும் சரி. கடைசியில் ஒன்றும் திறக்கவில்லை. கட்டத்தையும் காணோம்.

முப்பிடாதியிடம் காட்டியிருக்கலாம். மருமகள் டிகிரி படித்தவள். "குடுங்கத்தை" என்று வாங்கி இரண்டு விரலால் எதையோ தள்ளிக் கொடுத்துவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை.

ஆவுடையம்மாளுக்குப் போன் போட்டுப் பத்திரிகை வந்ததைச் சொன்னேன். என்ன கலர் என்று கேட்டாள். மஞ்சள் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

கூழ் காய்ச்சி மாடியில் வத்தல் பிழிந்தோம். வெயில் நல்ல வெயில். போனும் தோசைக்கல்லாகச் சுடுகிறது. காலையில் நிறைய ஏற்றிய சார்ஜ் பத்து மணிக்கே இறங்கிவிட்டது.

யார் யாரோ கூப்பிட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணம், உங்கள் நம்பரில் இருந்து பத்திரிகை வந்திருக்கிறதே என்றார்கள். நான் யாருக்கும் அனுப்பவில்லை. போனே எல்லோருக்கும் அனுப்பிவிட்டது போல. நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். நான் பேசி முடித்த கல்யாணம்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பகவதியும் கூப்பிட்டாள். மேலத்தெருவில் ரவிக்கை தைக்கிறவள். புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் வனஜாவுக்கு அம்பாசமுத்திரத்தில் நான்தான் இடம் பேசியிருக்கிறேன், பங்குனி பிறக்கும் முன் நிச்சயம் வைக்க வேண்டும்.

"பெரியம்மா, நீங்க அனுப்புன பத்திரிகை தொறக்க மாட்டேங்கு. என்னென்னமோ கேக்கு. பயமா இருக்கு" என்றாள்.

"நான் அனுப்பினதுக்கு என்னட்டி பயம்? கேக்கதுக்கெல்லாம் சரின்னு குடு" என்றேன்.

தையல் மிஷினில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி கோக்கிறவள், போன் என்றால் இப்படிப் பயப்படுகிறாளே என்று சிரிப்பாக இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் செல்லையா கூப்பிட்டார். குரலே நன்றாக இல்லை. போனில் அவர் யாருக்கும் பத்திரிகை அனுப்பவில்லையாம். அச்சாபீசில் இருந்தே இன்னும் வரவில்லையாம். அவருடைய சகலை நம்பரில் இருந்து வந்ததை அவர் திறந்திருக்கிறார். அவர் போனில் இருந்து அதுவாகவே எங்கள் எல்லோருக்கும் வந்திருக்கிறது. பத்திரிகை மாதிரி வேஷம் போட்ட கெட்ட புரோகிராம் என்று அவர் மகன் சொன்னானாம். போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, பேங்கில் இருந்து வரும் மெசேஜைப் படித்துப் பணத்தை எடுத்துவிடுமாம்.

"தொறந்துறாதிய அக்கா. யாரும் தொறந்திருந்தா ஒடனே பேங்க்ல சொல்லச் சொல்லுங்க" என்றார்.

"நான் தொறக்கலையே" என்றேன்.

எனக்குப் பயமில்லை. என் பேங்க் புத்தகத்தில் இருப்பது மகன் நயினார் நம்பர்.

பகவதிக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தேன், சார்ஜ் ஐந்துதான் இருந்தது. முப்பிடாதி போன் மேசையில் கிடந்தது. அதில் பகவதி நம்பர் இருக்காது. எனக்கு அது மனப்பாடம்தான், ஆனாலும் அடுத்தவள் போனை எதற்கு எடுக்க வேண்டும்?

பிப்ரவரி 11, புதன்

பகவதி திறந்திருக்க மாட்டாள். பயந்த சுபாவம்.

வத்தல் காய்ந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். இன்றைக்கு முட்டி வலிக்கிறது.

சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்தேன். மேலத்தெரு வழியாகப் போகவில்லை. அங்கே நாய் அதிகம்.

பிப்ரவரி 12, வியாழன்

பத்தரை மணிக்குப் பகவதி வந்தாள். செருப்பு இல்லாமல் வந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் பேங்க் புத்தகம். வனஜாவின் சங்கிலிக்காகச் சேர்த்தது முழுவதும் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் ஒரு தரம், இன்று காலை ஒரு தரம் எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு மெசேஜில் ரகசிய எண் வந்திருக்குமே, நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்று பேங்கில் சொன்னார்களாம். எனக்கு ஒரு மெசேஜும் வரவில்லையே என்று அழுதாள்.

நயினார் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். சட்டையும் கையுமாக வெளியே வந்தான். முப்பிடாதி பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"ஒங்க போன்ல இருந்துதான பெரியம்மா வந்தது. நீங்கதான சரின்னு குடுக்கச் சொன்னிய" என்றாள் பகவதி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நல்ல பத்திரிகைன்னு நெனச்சுச் சொன்னேன். என் போன முப்பிடாதிதான் எடுத்து நோண்டுவா. அவ எதைத் தொறந்து வச்சாளோ."

நயினார் பகவதி முன்னாலேயே பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான். படிச்சிருக்கோம்னு திமிரு என்றான். முப்பிடாதி என்னை ஒரு தடவை பார்த்தாள், பாலைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள்.

அவள் என் போனை எடுப்பது உண்மைதான். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படம் வைத்துக் கொடுப்பாள். அப்போது எதையாவது தொட்டிருக்கலாம். தொட்டிருக்க மாட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

வத்தல் டப்பா அலமாரியிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெசிந்தா என்று ஒருத்தி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். நயினார் என்னைக் கூட்டிப்போனான். நாற்பது வயசு இருக்கும், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியபடியே பேசுகிறாள்.

வைரஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். எல்லோரும் எல்லாவற்றையும் வைரஸ் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள். நிஜமான வைரஸ் வேறொரு நல்ல புரோகிராமில் ஒட்டிக்கொண்டு, அதைத் திறக்கத் திறக்கப் பெருகுமாம். யாரும் தொடாமலே ஒரு மிஷினில் இருந்து அடுத்ததற்கு ஊர்ந்து போவது ஒரு ஜாதி. உள்ளே இருப்பதை எல்லாம் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால் திறக்கிறேன் என்று மிரட்டுவது இன்னொன்று. சத்தம் காட்டாமல் உட்கார்ந்து வேவு பார்ப்பதும் உண்டு. எனக்கு வந்தது வேஷக்காரன். தானாக உள்ளே வரத் தெரியாது. வீட்டுக்காரரே கதவைத் திறந்து கூப்பிட வேண்டும். வந்த பிறகு தன் படத்தை மறைத்துக்கொண்டு, வருகிற மெசேஜை நமக்கு முன்னால் படித்து, வேறெங்கோ இருக்கிற திருடனுக்கு அனுப்பிவிடும். நம் பேரைச் சொல்லி அடுத்த வீட்டுக் கதவையும் தட்டும்.

பெயரும் இல்லாமல் படமும் இல்லாமல் பட்டியலின் அடியில் கிடந்ததைக் காட்டினாள். எது எதற்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இந்தப் போன் ஒங்கள ஆறு தடவை தடுத்திருக்கும்மா" என்றாள்.

பிறந்த நேரம் கால் மணி நேரம் பிசகினால் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இதற்கு ஒரு வீட்டில் விசாரிக்கவில்லை. தெரிந்தவர் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தது, அதுவே போதும் என்று உள்ளே விட்டாயிற்று. விட்டது முப்பிடாதி என்றுதான் கடையிலும் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலே காலுக்கு ஏறியிருக்கிறது என்று ஜெசிந்தா சொன்னாள். நயினார் ஏதோ யோசித்தான். முப்பிடாதி என் போனை எடுப்பது வெள்ளிக்கிழமைதான்.

போனில் கல்யாணப் பெண்கள் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதையும் எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம், அந்த வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். பிறகு போனை மொத்தமாகத் துடைத்துக் கொடுத்தாள். இப்போது அதில் ஒன்றும் இல்லை, புதுப் போன் மாதிரி இருக்கிறது. நம்பர் எல்லாம் ஜாதக நோட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

பகவதி, நயினார், நான் மூன்று பேரும் சைபர் போலீசுக்குப் போனோம். ஒரு பெண் அதிகாரி. அதட்டாமல் பேசினார். வியாழக்கிழமையே பகவதி பத்தொன்பது முப்பது என்கிற புகார் நம்பருக்குப் போன் செய்து பதிந்தது நல்லது என்றார். இரண்டாவது தரம் போனதில் கொஞ்சம் ஒரு கணக்கில் தங்கியிருக்கிறது, அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கோர்ட் மூலமாகத் திரும்ப வரலாம். முதலில் போனது கைமாறிக் கைமாறிப் போய்விட்டது.

"புதன்கிழமை மதியத்துக்குள்ள தெரிஞ்சிருந்தா பேங்க்ல சொல்லி மொத்தமா நிறுத்தியிருக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, இது கெட்டது என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"இவ வந்து சொன்னப்பதான்."

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். எப்போதும் அழகாகப் போடுவேன், இன்று 'ள்' சரியாக வரவில்லை.

பஸ்சில் பகவதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மீன் வாங்கவில்லை. ரசம்.

பிப்ரவரி 16, திங்கள்

இந்தத் தெருவில் ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பரீட்சைக்குப் பதிய எல்லாம் முப்பிடாதியிடம்தான் போனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாயங்காலம் ஆனால் வாசலில் நாலு செருப்பாவது கிடக்கும். வெள்ளிக்கிழமையில் இருந்து ஒருத்தரும் வரவில்லை. இன்று எதிர்வீட்டுக்காரி மகளின் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். முப்பிடாதி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

ஆவுடையம்மாள் வந்தாள். படிச்ச மருமக வேணும்னு நீங்கதான மயினி தேடித் தேடி எடுத்திய என்றாள், உள்ளே கேட்கிற மாதிரி. உண்மைதான், நயினாருக்கு இவளை நான்தான் பார்த்தேன். என் கணக்கில் முதல் கல்யாணமே இதுதான். மூன்று வீட்டில் இல்லை, ஏழு வீட்டில் விசாரித்தேன். ஏழு வீட்டிலும் பொய் பேசாத பிள்ளை என்றார்கள்.

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நயினார் அவளோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 18, புதன்

பகவதி வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

நிச்சயத்தைத் தள்ளி வைக்கலாம் என்று அம்பாசமுத்திரத்தில் சொல்லிவிட்டார்களாம். தள்ளி வைப்பது என்றால் என்ன என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். நகை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. போனில் வந்ததை எல்லாம் திறக்கிற வீடு என்று அந்தப் பையனின் அத்தை பேசினாளாம்.

"வனஜா ஜாதகத்தையும் போட்டோவையும் குடுத்துருங்க பெரியம்மா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கொடுத்த ஜாதகத்தைத் திரும்பக் கேட்டதில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி ஜாதகத்துக்கு மேலே வைத்துக் கொண்டுவந்தேன். வனஜாவுக்குப் போடு என்றேன்.

"இது எதுக்கு? ஒங்க மருமக செஞ்சதுக்கு நீங்க ஏன் குடுக்கணும்?"

முப்பிடாதி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி அடிக்கிற சத்தம் நின்றது.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று வரிசையாக எழுதத் தெரியவில்லை. திறந்தது நான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை. செல்லையா கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை காலை என்றேன். உனக்குச் சொல்லவேண்டும் என்று ஐந்து தடவையாவது போனை எடுத்தேன், சரின்னு குடு என்று பெரிய இவளாகச் சொன்ன வாயால் குடுக்காதே என்று சொல்ல வரவில்லை என்றேன்.

பகவதி செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுகிறாள் என்று நினைத்தேன். சங்கிலியை எடுத்து என் கையில் வைத்தாள். ஜாதகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நகை வேண்டாம் பெரியம்மா. செவ்வாக்கெழம ஒரு போன் போட்டிருந்தா போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. தைத்த ரவிக்கையில் எங்கே தப்பு என்று காட்டுகிற குரலில் சொன்னாள். போய்விட்டாள்.

முப்பிடாதி ஈரக்கையோடு நிலைப்படியில் நின்றாள். கேட்டியா என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை. நீங்க போன வச்சுக்கிட்டு சரி சரின்னு அமுக்கினது அடுப்படியில இருந்து பாத்தேன். எதையோ சுத்தம் பண்ணுதியன்னு நெனச்சேன்."

"பெறகு ஏன் சொல்லல? அவன் அப்படிக் கத்தும்போது?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

ஆறு நாள் இருந்திருக்கிறாள். சோறு பொங்கி, எனக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டு, இருந்திருக்கிறாள். நயினார் கடையில் இருந்து வந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் முப்பிடாதி இருந்த பின்கட்டுக்குப் போனான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

சைபர் போலீசுக்குத் திரும்பப் போனேன், முப்பிடாதியோடு. செவ்வாய்க்கிழமை என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதனால் பணம் வருமா என்று கேட்டேன். வராது, ஆனால் எழுதுவது சரியாக இருக்கவேண்டும் என்றார் அந்த அம்மா. மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். எந்த மற்றவர்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

நானூறு வீடு.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை ஏழு மணியில் இருந்து கூப்பிடுகிறோம். முப்பிடாதி நோட்டைப் பார்த்துத் தன் போனில் நம்பர் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்துக் கொடுக்கிறாள். நான் பேசுகிறேன். என் நம்பரில் இருந்து வந்த பத்திரிகை பொய், தொடாதீர்கள், தொட்டிருந்தால் உடனே பேங்கில் சொல்லிவிட்டுப் பத்தொன்பது முப்பதுக்குக் கூப்பிடுங்கள், உங்கள் பெண் போட்டோ என் போனில் இருந்தது, அதையும் பார்த்திருக்கலாம், திறந்தது நான், தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது நான். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னால்தான் சொல்ல முடிகிறது.

மதியத்துக்குள் எழுபது வீடு. மூன்று பேர் திறந்திருக்கிறார்கள். கீழப்பாவூர்க்காரர் ஒருவர் அப்போதே பேங்குக்கு ஓடினார், பணம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தி ஜாதகத்தைக் கேட்டாள், எடுத்து வைத்துவிட்டேன்.

திட்டியவர்கள் பரவாயில்லை. மற்றவர்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். எட்டாவதாகப் பேசிய வீட்டிலேயே அது ஆரம்பித்தது. எங்களுக்குத் தெரியும்மா, உங்கள் மருமகள் செய்த வேலைதானே என்றார்கள். இல்லை, நான் என்றேன். நம்பவில்லை. அதற்குப் பிறகு வரிசையாக அதே பேச்சு. ஆவுடையம்மாள் எல்லா ஊருக்கும் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சொன்னது நான்.

மூன்று மணிக்குத் திப்பணம்பட்டி முன்சீப் வீட்டம்மா. எழுபத்தைந்து வயசு, ஊரே மதிக்கிற மனுஷி. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"மருமகள விட்டுக்குடுக்காம பழிய ஒன் தலையில போட்டுக்கிடுத பாத்தியா. ஒன்ன மாதிரி மாமியா யாருக்கு வாய்க்கும் உலகு? நீ பெரிய மனுஷி" என்றார்.

தொண்டை வறண்டிருந்தது. காலையில் இருந்து பேசிய களைப்பு. அவர் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். நான் உம் என்றேன். வைத்துவிட்டார்.

முப்பிடாதி பென்சிலை நோட்டின் மேல் வைத்தபடி இருந்தாள். டிக் போடவும் இல்லை, அடுத்த நம்பரைத் தேடவும் இல்லை. என்னைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரையே திரும்பக் கூப்பிடு என்றேன்.